கழுவி ஊத்தப்போற பேரனுக்கு

எலே மக்கா, இங்கன வந்து உக்காரு. போனைக் கீழ வைக்க வேண்டாம், கையிலயே இருக்கட்டும். அத வச்சுத்தான் பேச்சே. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மூஞ்சியில வெளிச்சம் அடிக்க உக்காந்திருந்தியே, யாருகூடலே சண்டைன்னு விடியக்காலம் கேட்டேன். 'ஊடக அறம் பத்தி விவாதம் தாத்தா'ன்னு சொன்ன. எனக்கு அப்பத்தான் உசுரு வந்துச்சு. வரப்புத் தகராறோ, பொண்ணு வெவகாரமோன்னுல்லா பயந்து கெடந்தேன்.

ஒன் விவாதத்த நானும் வாசிச்சேன். நீ குளிக்கப் போனப்ப போனு கட்டில்லதான் கெடந்துச்சு. பூட்டு நம்பரு ஒன் பொறந்த வருசம்னு இந்த வீட்டு ஆட்டுக்குட்டிக்குக் கூடத் தெரியும். வாசிச்ச வரைக்கும் சொல்லுதேன், கோவப்படாத. ஒனக்கு ஆத்திரம் நெறைய இருக்கு, தொழில் சுத்தம் பத்தல. சண்டைக்குன்னு சில நெறிமுறை உண்டும்லா? அத எவனும் ஒனக்குச் சொல்லித்தரல.

மொதல்ல, ஒரு படத்தப் பத்தி ஓங்கிப் பேசணும்னா அந்தப் படத்தப் பாக்கவே கூடாது. பாத்தியோ கெட்ட. 'அந்த அம்மா நல்லாத்தான் நடிச்சிருக்கா, இடைவேளைக்கு அப்புறம் கொஞ்சம் இழுவை, பாட்டு ஒண்ணு தேறும்'னு நெசத்தச் சொல்ல வேண்டி வந்துரும். அத எவன் கேப்பான்? பாக்காதவனுக்குத்தான் கருத்து கலப்படமில்லாம வரும். டிரெய்லரப் பாத்தே படத்தப் பொதைக்க ஆளிருக்கு, போஸ்டரப் பாத்தே காவியம்னு சொல்லவும் ஆளிருக்கு. 2024 நவம்பர்ல 'கங்குவா' படம் வந்தப்ப என்ன கூத்து! தியேட்டர் வாசல்ல மைக்க நீட்டுற ஆளுகள உள்ள விடாதீகன்னு தயாரிப்பாளர் சங்கமே தியேட்டர்காரங்ககிட்டக் கெஞ்சுச்சு. அடுத்த மாசம் ஐகோர்ட்டுக்கே போயி, படம் வந்த மொத மூணு நாளைக்கு விமர்சனமே கூடாதுன்னு கேட்டாக. அப்படியெல்லாம் தடை போட முடியாதுன்னு கோர்ட்டு சொல்லிருச்சு. சரியான தீர்ப்புதான். சாப்பாடு நல்லால்லன்னு சொல்ல சாப்பிட்டவனுக்கு உரிமை உண்டு. எச்சில் எலையப் பாத்துட்டு ருசி சொல்லுறவன என்ன செய்யன்னுதான் எந்தக் கோர்ட்டும் சொல்ல மாட்டேங்கு.

எங்க டூரிங் டாக்கீஸ்ல விமர்சகர்னா முறுக்கு விக்கிறவருதான். இடைவேளையில தட்டு காலியாச்சுன்னா படம் சுகமில்லன்னு அர்த்தம், சனம் வெளிய வந்துருச்சு. முறுக்கு மிச்சமானா படம் ஓடும், எவனும் எந்திரிக்கல. அவரு எந்த நடிகருக்கும் ரசிகர் கெடையாது. நஷ்டம் வந்தாத்தான் அவருக்கு நல்ல படம்.

புத்தகமா இருந்தா இன்னும் வசதி. பெருமாள்முருகன் 'மாதொருபாகன்' எழுதுனது 2010ல. நாலு வருசம் அது பாட்டுக்குக் கடையில கெடந்துச்சு, எவன் மனசும் புண்படல. 2014 டிசம்பர்ல கொஞ்சம் பக்கத்த மட்டும் ஜெராக்ஸ் எடுத்து விநியோகம் பண்ணுனாக. அன்னைக்கே எல்லாருக்கும் மனசு புண்ணாயிருச்சு. திருச்செங்கோட்டுல கடையடைப்பு, நாமக்கல்ல பேச்சுவார்த்தை. அந்த மனுசன் தனக்குள்ள இருந்த எழுத்தாளன் செத்துட்டான்னு பேஸ்புக்குல எழுதிட்டு ஒதுங்கிட்டாரு. 2016 ஜூலையில ஐகோர்ட்டு சொன்ன சாரம் இம்புட்டுத்தான்: புத்தகம் பிடிக்கலன்னா தூக்கிப் போடு, படிச்சே தீரணும்னு ஒன்ன யாரும் கட்டாயப்படுத்தல, அவரு எழுதட்டும். எனக்கு அதுல ஒரே ஒரு சந்தேகம். அந்தக் கூட்டத்துல ஜெராக்ஸ் கடைக்காரரத் தவிர வேற யாராச்சும் முன்னட்டையிலருந்து பின்னட்டை வரைக்கும் தொட்டுப் பாத்திருப்பாகளா?

அதுக்கும் முந்தி 2005ல நடிகை குஷ்பு. ஒரு பத்திரிகை சர்வே எடுத்துச்சு, அந்த அம்மா கல்யாணத்துக்கு முந்துன ஒறவப் பத்தி நாலு வார்த்தை சொன்னா. ஊரூருக்கு வழக்கு, இருவதத் தாண்டிருச்சு. வெளக்கமாறும் செருப்புமா வாசல்ல கூட்டம். அஞ்சு வருசம் கழிச்சு 2010ல சுப்ரீம் கோர்ட்டு எல்லாத்தையும் ரத்து பண்ணுச்சு. அந்த அம்மா அப்படி என்னதான் சொல்லிச்சுன்னு அன்னைக்கு வெளக்கமாறு தூக்குன ஒரு ஆளுகிட்ட கேட்டுப் பாரு. 'அது இருக்கட்டும்ணே, சொன்னது தப்புதானே'ம்பான்.

இந்த நெறியெல்லாம் ஒனக்கு அரைகுறையா வருது, போகப் போகத் தேறிருவ. நான் ஒன்னக் கூப்பிட்டு வச்சது வேற சோலிக்கு. நேத்து ராத்திரி ஒரு வரி எழுதியிருந்த பாத்தியா, 'முன்னாடியெல்லாம் பத்திரிகை தர்மம்னு ஒண்ணு இருந்துச்சு, இந்த யூடியூப் வந்துதான் எல்லாத்தையும் நாசமாக்கிருச்சு'ன்னு. ஏகப்பட்ட பேரு அதுக்கு ஹார்ட்டு வேற போட்டிருக்கான். எந்த முன்னாடிலே? யாரு முன்னாடி?

கேட்டுக்கோ. 1943ல மெட்ராஸ்ல லட்சுமிகாந்தன்னு ஒரு ஆளு 'சினிமா தூது'ன்னு பத்திரிகை நடத்துனாரு. யுத்த காலம். அரிசிக்கும் கட்டுப்பாடு, காயிதத்துக்கும் கட்டுப்பாடு. சர்க்காரு அனுமதியில்லாம பத்திரிகை போட முடியாது. மனுசன் அதுக்கும் வழி பண்ணிக்கிட்டாரு. எந்த நடிகை யாரு காருல ஏறுனா, எந்தப் பெரிய மனுசன் எந்தத் தெருவுல செருப்பக் கழட்டுனாரு, இதுதான் சரக்கு. வித்து சம்பாதிச்சது ஒரு பக்கம், எழுதாம இருக்கறதுக்கு வாங்குனது இன்னொரு பக்கம். ரெண்டாவது பக்கம்தான் கனம்னு பேச்சு.

பொறுத்துப் பாத்துட்டு நடிகருக தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடுவும் சேந்து கவர்னர் ஆர்தர் ஹோப்புகிட்ட மனு குடுத்தாக. கவர்னரு அனுமதிய ரத்து பண்ணிட்டாரு. நீயா இருந்தா 'அறம் வென்றது'ன்னு ஒரு பதிவப் போட்டுட்டு அன்னைக்கு நிம்மதியாப் படுத்திருப்ப. லட்சுமிகாந்தன் படுக்கல. 'இந்துநேசன்'ங்கற பத்திரிகைய வாங்கி அதே சரக்க அதுல ஏத்துனாரு. இப்ப ஒரு சேனல முடக்குனா 'அபிஷியல்'னு பேரு போட்டு அடுத்த சேனல் மொளைக்குதுல்லா, அந்த வித்தையெல்லாம் அப்பவே அத்துபடி.

1944 தீபாவளிக்குப் பாகவதரு நடிச்ச 'ஹரிதாஸ்' வந்துச்சு. மெட்ராஸ் பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி கண்ட படம் அது. மொத தீபாவளி முடிஞ்சு ஒரு மாசம் கூட ஆகல, நவம்பர் 8ந்தேதி வேப்பேரியில கைரிக்‌ஷாவுல போய்க்கிட்டிருந்த லட்சுமிகாந்தன கத்தியால குத்திட்டானுவ. மறுநா ஆஸ்பத்திரியில உசுரு போயிருச்சு. போலீசு பாகவதரப் பிடிச்சுது, கிருஷ்ணனப் பிடிச்சுது, நாயுடுவையும் பிடிச்சுது. ஜூரி உக்காந்து கேட்ட வழக்கு. நாயுடு தப்பிச்சாரு. மத்த ரெண்டு பேருக்கும் 1945 மே மாசம் ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போயி, மறுபடி ஐகோர்ட்டே கேட்டு, 1947 ஏப்ரல்ல குத்தமில்லன்னு விட்டாக. குத்துனது யாருன்னு இன்னி வரைக்கும் முடிவா எவனுக்கும் தெரியாது. வெளிய வந்து பாகவதரு நடிச்ச 'ராஜமுக்தி' ஓடல. அந்தப் பழைய ஆளுக அவருக்குத் திரும்பி வரவே இல்ல. 1959ல போய்ச் சேந்தாரு.

எத்தனையோ படத்துக்கு முன்பணத்தோட தயாரிப்பாளருக அவரு வீட்டு வாசல்ல நின்ன காலம் உண்டும்பாக. அந்த ஆளு ஜெயிலுக்குள்ள இருந்தப்ப வெளிய அவரு பாட்டு மட்டும் தியேட்டர்ல ஓடிக்கிட்டே இருந்துச்சு. அதையும் பாத்துட்டு, வெளிய வந்து 'அவருதான் செஞ்சிருப்பாரு'ன்னு பேசிக்கிட்டே வீட்டுக்குப் போயிருக்கு நம்ம சனம். ஜூரியில உக்காந்தவுகளும் அந்த மெட்ராஸ்ல பொழங்குன ஆளுகதான். காதுல என்னென்ன ஏறிக் கெடந்துச்சோ.

இப்ப நான் ஒனக்குச் சொல்ல வந்தது கொலையப் பத்தி இல்ல. எங்க ஐயா ஒரு மளிகைக்கடை மொதலாளியப் பத்தி அடிக்கடி சொல்லுவாரு. நம்ம கோயில்பட்டி ஆளு, வெத்தலையும் விபூதியுமா இருப்பாராம். காலையில கடையில உக்காந்து, 'இந்த மஞ்சப் பத்திரிகைக்காரனயெல்லாம் நாடு கடத்தணும்'னு வாரவன் போறவன்கிட்ட முழங்குவாராம். சாயங்காலம் 'சுதேசமித்திரன்' மடிப்புக்குள்ள 'இந்துநேசன'ச் சொருகி வச்சு வாசிப்பாராம். எங்க ஐயா அப்ப அந்தக் கடையில பொட்டலம் மடிச்ச பையன். ஒருநா வாய் சும்மா இல்லாம, 'என்ன மொதலாளி இது'ன்னு கேட்டுட்டாரு. அதுக்கு அவரு சொன்னாராம், 'எலே, என்னதான் எழுதியிருக்கான்னு பாத்தாத்தான கண்டிக்க முடியும்?'

ஒனக்கு அவரு தாத்தா மொறை கூட இல்ல. குணம் மட்டும் எந்த வழியில வந்து சேந்துச்சுன்னு நானும் யோசிச்சுப் பாக்கேன். நேத்து நீ என்ன செஞ்ச? 'இந்தக் கேவலமான தலைப்பப் பாருங்கள் தோழர்களே'ன்னு எழுதி, கீழ அவன் வீடியோ லிங்கையே ஒட்டி வச்சிருக்க. ஒன் தோழருக அம்புட்டுப் பேரும் போயி அமுக்கிப் பாத்துட்டு வந்து காறித் துப்பியிருக்கான். கண்டிச்சுப் பாத்தவனுக்கு ஒரு கல்லா, ரசிச்சுப் பாத்தவனுக்கு ஒரு கல்லான்னு அங்க ரெண்டு பொட்டி கெடையாதுலே. நீ எழுதுற வசவும் கமெண்டுக் கணக்குல ஏறுது. கமெண்டு ஏற ஏற, இங்க என்னமோ கூட்டமா இருக்கேன்னு அந்த யந்திரம் இன்னும் நாலு பேருக்குக் காட்டுது. விளம்பரக் காசு அவனுக்கு. மொதலாளியாச்சும் மடிப்புக்குள்ள ஒளிச்சு வச்சாரு. நீ தோரணம் கட்டித் தொங்க விடுத.

கோவிச்சுக்கிடாத. ஸ்ரீதேவிய எடுத்துக்கோ, நம்ம சிவகாசி பக்கம் மீனம்பட்டியில பொறந்த புள்ள. 'துணைவன்'ல முருகனா வந்து நின்னப்ப கொட்டகையில கும்பிட்டுக்கிட்டே பாத்தாக பொம்பளைக. 2018 பிப்ரவரியில துபாய் ஓட்டல்ல குளிக்கிற தொட்டியில அந்தப் புள்ள போயிருச்சு. டீவிக்காரனுக என்ன செஞ்சானுவ? தொட்டிய கம்ப்யூட்டர்ல வரைஞ்சு காட்டுனான். ஒருத்தன் தொட்டிக்குள்ளயே மைக்கோட எறங்கிப் படுத்து, இப்படித்தான் விழுந்திருக்கணும்னு விளக்குனான். நாடே சீச்சீன்னுச்சு. சீச்சீன்னுக்கிட்டே திருப்பித் திருப்பிப் பாத்துச்சு.

2020ல வடக்க அந்த நடிகர் பையன் சுஷாந்த் சிங் இறந்தாரே, அப்ப ஒனக்கு மீசை கூட வரல. பாந்த்ரா கெழக்கயா மேக்கயான்னு தெரியாது, ஆனா கொலைதான்னு அடிச்சுச் சொன்ன. மாசக்கணக்கா ராத்திரி ஒம்பது மணிக்கு டீவியில விசாரணை நடந்துச்சு. பழகுன பொண்ணு ரியாவ மந்திரவாதின்னான், பணந்தின்னின்னான். போதை வழக்குல பிடிச்சு ஒரு மாசம் போல உள்ள வச்சிருந்தாக. 2021 ஜனவரியில பம்பாய் ஐகோர்ட்டு, இந்த டீவி விசாரணை நீதிக்கே எடஞ்சலுன்னு வெளங்கச் சொல்லுச்சு. 2025 மார்ச்சுல சி.பி.ஐ. வழக்க முடிச்சுக்கிடலாம்னு அறிக்கை குடுத்துருச்சு. முன்னால கொலைன்னு எழுதுன பய அத்தன பேரும் அன்னைக்கு எங்க போயிருந்தானுவ? நீ அன்னைக்கு ஏதோ ஒரு ஆடியோ வெளியீட்டு விழாவுக்குக் கருத்து சொல்லிக்கிட்டிருந்த.

ஒண்ணுல மட்டும் நான் கிண்டல் பேச மாட்டேன். பொள்ளாச்சி பாலியல் வழக்கு. 2019ல புகார் குடுத்த பொண்ணு பேர அந்த மாவட்டப் போலீஸ் அதிகாரியே வெளிய விட்டாரு, அரசாணையிலயும் பேரு வந்துச்சு. மதுரை ஐகோர்ட்டு அந்தப் பொண்ணுக்கு 25 லட்சம் ரூவா குடுக்கணும்னு சொல்லுச்சு. அதிகாரி செஞ்ச தப்பு எல்லாருக்கும் தெரிஞ்சுது. வீடியோவ வாங்கி, 'ஐயோ பாவம், இதப் பாருங்க, நீதி வேணும்'னு எழுதி அடுத்த குரூப்புக்குத் தள்ளுனவன் தப்பு எவனுக்கும் தெரியல. பாதிக்கப்பட்ட பொண்ண அடையாளம் காட்டுனா ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயிலுலே. அது பத்திரிகைக்காரனுக்கு மட்டும் போட்ட சட்டம் இல்ல, ஒன் விரலுக்கும் சேத்துத்தான். 2025 மே மாசம் கோயமுத்தூர்ல 9 பேருக்கும் சாகற வரைக்கும் ஜெயில்னு தீர்ப்பு வந்துச்சு. தள்ளுனவன் எல்லாம் இனிப்பு எமோஜி போட்டான்.

சரி, தண்ணி குடி.

ஒன் விவாதத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம் எது தெரியுமா? நீங்க ஆரம்பிச்சது ஒரு பாட்டு நல்லாருக்கா இல்லையான்னு. அஞ்சாவது ஆளு இசையமைப்பாளர் அந்தக் காலத்துல யார மதிக்கலன்னு கொண்டு வந்தான். ஏழாவது ஆளு கட்சியக் கொண்டு வந்தான். எட்டாவது ஆளு நைசா, 'ப்ரோ நீங்க எந்த ஊரு?'ன்னான். ஊரச் சொன்னதும் 'ஊருல எந்தப் பக்கம் ப்ரோ?'ன்னான். ஆகா, எம்புட்டு மரியாதை! எங்க காலத்து டீக்கடையில தெருவக் கேட்டுட்டுத்தான் எந்தக் கிளாஸ்ல ஊத்தன்னு முடிவு பண்ணுவான். கிளாஸக் கண்ணால பாக்கலாம், சண்டை போட்டு ஒடைக்கவும் ஒடைச்சோம். இவன் 'ப்ரோ'ன்னு தேன் தடவிக் கேட்டு, ஒங்கிட்ட பதில் வந்ததும் பாட்டு நல்லாருக்கா இல்லையான்னு தீர்மானிக்கான். சாதி ஒழியணும்னு அடுத்த பதிவுல நாலு பத்தி எழுதுறதும் அவனேதான், நான் பேரு பாத்தேன்.

இன்னொண்ணு. ஹார்ட்டுப் போடுறப்ப ஒரு நொடி நின்னு போடு. 2012ல மும்பை பக்கம் பால்கர்ல ஒரு பொண்ணு, பெரிய தலைவர் செத்ததுக்கு ஊர மூடணுமான்னு பேஸ்புக்குல கேட்டா. அவ தோழி அதுக்கு லைக்குப் போட்டா. எழுதுனவளயும் பிடிச்சாக, லைக்குப் போட்டவளயும் பிடிச்சாக. அவுகளப் பிடிக்க வச்ச ஐ.டி. சட்டத்து 66ஏ பிரிவ 2015 மார்ச்சுல சுப்ரீம் கோர்ட்டு தூக்கிப் போட்டுருச்சு, அது வேற. ஒன் போன்ல நான் பாத்த வரைக்கும் ஒரே ஆளத் திட்டுறதுக்கும் லைக்குப் போட்டிருக்க, அவனையே புகழுறதுக்கும் போட்டிருக்க. பிடிக்க வாரவனே எந்தக் கேசுல பிடிக்கன்னு குழம்பித் திரும்பிப் போயிருவான்.

என்ன, மொறைக்க? அப்ப பேசாமலே இருக்கணுமா தாத்தாங்க. நான் எப்பலே அப்படிச் சொன்னேன்? பேசு, நல்லாப் பேசு. பேசாம இருந்திருந்தா அந்த டீக்கடைக் கிளாஸ் இன்னும் ரெண்டாத்தான் இருந்திருக்கும். அவன் சரக்க ஒன் தோள்ல தூக்கிட்டுப் போயித்தான் அவனத் திட்டணுமான்னு கேக்கேன். லிங்க ஒட்டாம, தலைப்ப எடுத்துப் போடாம, ஒன் வார்த்தையில எழுதிப் பாரு. ரெண்டு பேருதான் படிப்பான். அதுல ஒருத்தன் நானு.

மூணு பேஸ் கரண்டு வார நேரமாச்சு, மோட்டாரப் போடணும். அதுக்கு முந்தி ஒண்ணு செய்யி. தொட்டிக்குள்ள ஒருத்தன் மைக்கோட படுத்தான்னு சொன்னேன்லா, அத நான் காதால கேட்டதோட சரி. தேடி எடு பாப்போம். என்னதான் செஞ்சிருக்கான்னு தெரிஞ்சாத்தான நாமளும் கண்டிக்க முடியும்? சத்தத்தக் கொறச்சு வையிலே, ஒங்க ஆச்சி உள்ளதான் இருக்கா.